பரண்மேல் இருக்கும் பென்டியம்

கேள்வி:

என் அப்பா திண்டுக்கல்லில் சின்னதாக ஒரு டிடிபி சென்டர் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கோயில் நோட்டீஸ், பில் புக் என்று எது வந்தாலும் பேஜ்மேக்கரில் அடித்து, பட்டர் பேப்பரில் பிரின்ட் எடுத்து, ஆஃப்செட் அச்சகத்துக்கு அனுப்புவார். 1999-இல் வாங்கிய பென்டியம் த்ரீ கம்ப்யூட்டர், விண்டோஸ் 98. அப்பா தவறி 11 வருடம் ஆகிறது. சிபியு, மானிட்டர், ஒரு பெட்டி நிறைய ஃப்ளாப்பி எல்லாம் பரணில் கிடக்கின்றன. வேலை இல்லாத நேரங்களில் அவர் எங்கள் அப்பத்தாவைப் பாடச் சொல்லி, தாலாட்டும் ஒப்பாரியுமாக நிறையப் பாட்டுகளை டைப் செய்து வைத்தார். இப்போது அப்பத்தாவும் இல்லை. தம்பி, "எல்லாத்தையும் காயலான் கடைக்குப் போட்டுடலாம்க்கா" என்கிறான்.

அப்பா எழுதி வைத்த சிடி ஒன்றிலிருந்து ஒரே ஒரு ஃபைல் என் லேப்டாப்பில் திறந்தது. உள்ளே தமிழே இல்லை. எல்லாம் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, எச்: இந்தக் கூட்டம் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஃபைல் கெட்டுவிட்டதா? கம்ப்யூட்டரை இறக்கி ஸ்விட்ச் போட்டுப் பார்க்கலாமா? நான் பி.காம். படித்தவள். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்:

ஃபைல் கெடவில்லை. பக்கத்துக்குப் பக்கம் வருகிறது என்றீர்களே, அந்த ஐந்து எழுத்துக் கூட்டம், அதைத் தமிழில் படித்தால் 'அம்மா' என்று இருக்கும். எப்படி என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன் அவசரமான கேள்வி ஒன்று இருக்கிறது. ஸ்விட்ச் போடலாமா என்று கேட்டீர்கள். போடாதீர்கள். 11 வருடம் பரணில் இருந்த பெட்டி இன்னும் இரண்டு வாரம் இருந்தால் குடி முழுகிவிடாது.

இது நான் சூடுபட்டுக் கற்றது. சில வருடங்களுக்கு முன் நண்பர் வீட்டில் இதேபோல ஒரு சிபியு. தூசி தட்டி, வயரைச் செருகி, ஆசையாக ஸ்விட்சைப் போட்டேன். ஓடியது. ஓடியதுதான் வினை. கடைசியாக அதைப் பயன்படுத்தியவர் முறையாக ஷட்டவுன் செய்யாமல் விட்டிருக்கிறார். அப்படி விட்ட விண்டோஸ் 98 மறுபடி எழும்போது ஸ்கேன்டிஸ்க் தானாகவே ஓட ஆரம்பிக்கும். பிழை இருக்கிறது, சரிசெய்யட்டுமா என்று கேட்டது. யோசிக்காமல் சரி என்று அழுத்தினேன். ஆரோக்கியமான டிஸ்கில் அது நல்ல வேலைக்காரன். அந்த டிஸ்கோ சாகக் கிடந்தது. அரை மணி நேரத்தில் அவருடைய கடிதங்கள் இருந்த ஃபோல்டர் போய், ஃபைல் 0000, ஃபைல் 0001 என்று பெயரில்லாத துண்டுகள் சி.எச்.கே. என்ற வாலோடு வரிசையாக நின்றன. தவறு என்னுடையது. முதலில் நகல் எடுத்திருக்க வேண்டும். அந்த நண்பர் இன்றைக்கும் என்னிடம் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அவர் பேசாமல் இருப்பதுதான் எனக்குச் சங்கடம்.

ஆகவே உங்கள் கம்ப்யூட்டரில் மாற்றே இல்லாத பொருள் ஒன்றுதான், ஹார்ட் டிஸ்க். மதர்போர்டு போனால் இன்னொன்று கிடைக்கும், ரேம் கிடைக்கும், கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். கிடைக்கும். அந்த டிஸ்கில் இருக்கும் அப்பத்தா எந்தக் கடையிலும் கிடைக்கமாட்டார். முதல் வேலை, அதைக் கழற்றி வெளியே எடுப்பது.

இறக்கும்போதே சிபியுவின் பின்பக்கம் பாருங்கள். பிரின்டர் வயர் சொருகும் 25 ஓட்டைகள் கொண்ட அகலமான போர்ட்டில், தீப்பெட்டி அளவில் ஏதாவது மாட்டியிருக்கிறதா? இருந்தால் அது டாங்கிள். அந்தக் காலத்துத் தமிழ் டிடிபி மென்பொருள் பலவும் இந்தப் பூட்டோடுதான் விற்றன. அது மாட்டியிருந்தால்தான் தமிழ் கீபோர்டு வேலை செய்யும். விவரம் தெரியாமல் இதைக் குப்பையில் போட்டவர்கள் ஏராளம். கழற்றி ஒரு கவரில் போட்டு மேலே எழுதி வையுங்கள்.

இப்போது பவர் கார்டு எதுவும் மாட்டாத நிலையில் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். முன்பக்கமாக, கையகல இரும்புப் பெட்டி ஒன்று இருக்கும், அதுதான் ஹார்ட் டிஸ்க். மேலே ஒட்டியிருக்கும் தாளில் எத்தனை ஜிபி என்று போட்டிருப்பார்கள். அந்த வருடத்துக் கம்ப்யூட்டர் என்றால் 4.3, 6.4, 8.4, 10 என்று ஏதோ ஒன்று இருக்கலாம். அதிலிருந்து பட்டையான சாம்பல் நிற கேபிள் ஒன்றும், நாலு வயர் கொண்ட வெள்ளை ப்ளக் ஒன்றும் போகும். கழற்றுவதற்கு முன் செல்போனில் நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டை கேபிளின் சிவப்பு ஓரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது படத்தில் தெரிய வேண்டும். பெரும்பாலும் அது பவர் ப்ளக் பக்கமாக இருக்கும். ப்ளக்கைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

இந்த டிஸ்கை லேப்டாப்பில் நேரடியாக மாட்ட முடியாது. ஐடிஇ என்ற அதன் பழைய இணைப்பை யுஎஸ்பி-யாக மாற்றும் அடாப்டர் ஒன்று வேண்டும். சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. கேட்கும்போது, "3.5 இன்ச் ஐடிஇ டிஸ்குக்கு, தனியாக 12 வோல்ட் பவர் அடாப்டரோடு" என்று சேர்த்துக் கேளுங்கள். பெட்டியில் 'ஐடிஇ' என்று போட்டிருக்கிறதே என்று வெறும் கேபிளை வாங்கிவந்து ஏமாறுவார்கள். யுஎஸ்பி கொடுப்பது 5 வோல்ட். இந்த டிஸ்கின் மோட்டார் சுற்ற 12 வோல்ட் வேண்டும். டிஸ்கின் பின்புறம் பின்கள் நடுவே குட்டியாக ஒரு ஜம்பர் இருக்கும். மேலே ஒட்டிய தாளில் உள்ள படத்தைப் பார்த்து அதை 'மாஸ்டர்' நிலையில் வையுங்கள்.

மாட்டியவுடன் விண்டோஸ் ஏதாவது கேட்கும். டிஸ்கில் பிழை உள்ளது, சரிசெய்யவா என்று கேட்கலாம். அதைவிட மோசமாக, ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும் என்று சொல்லலாம். இரண்டுக்கும் வேண்டாம் என்பதே பதில். உண்மையில் இந்த வேலைக்கு விண்டோஸே வேண்டாம் என்பது என் கட்சி. பென்டிரைவிலிருந்து லேப்டாப்பைக் கிளப்பும் லினக்ஸ் ஒன்றைத் தயார் செய்து கொள்ளுங்கள். லேப்டாப்பில் இருப்பதை அது தொடாது. அதில் 'டிடி-ரெஸ்க்யூ' என்ற இலவசக் கருவியை ஓட்டலாம். பக்கத்துத் தெருவில் இன்ஜினீயரிங் படிக்கும் பிள்ளை யாராவது இருந்தால் ஒரு மாலை நேர வேலை, அவ்வளவே.

அந்தக் கருவியின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஃபைல் ஃபைலாக இது நகல் எடுப்பதில்லை. டிஸ்கின் முதல் சொட்டிலிருந்து கடைசிச் சொட்டு வரை அப்படியே ஒரே ஃபைலாக, ஒரு 'இமேஜ்' ஆக எடுக்கிறது. நடுவில் படிக்க முடியாத இடம் வந்தால் அங்கேயே மல்லுக்கட்டாது. தாண்டிப்போய் நல்ல பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, பிறகு திரும்பிவந்து கெட்ட இடங்களைத் துருவும். எதுவரை முடிந்தது என்று ஒரு வரைபடக் குறிப்பும் எழுதி வைக்கும். நடுவில் கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வயதான டிஸ்கிடம் இப்படித்தான் பேச வேண்டும். முதலில் கேட்டதைக் கொடுக்கட்டும், பிடிவாதத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.

சேமிக்கும் பென்டிரைவில் ஒரு கண்ணி உண்டு. கடையில் வாங்கும் 32 ஜிபி பென்டிரைவ் பெரும்பாலும் ஃபேட்-32 முறையில் வரும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உங்கள் இமேஜ் தாண்டும். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

டிஸ்க் சுற்றும்போது 'டக், டக், டக்' என்று ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டால் உடனே நிறுத்துங்கள். உள்ளே தலை தடம் தேடித் தடுமாறுகிறது என்று அர்த்தம். அதற்கு மேல் நம் கையில் இல்லை. டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம்தான் கொண்டுபோக வேண்டும். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்று யாராவது வந்து சொல்வார்கள். நீர் கோத்துக்கொள்ளும் என்பதைத் தவிர வேறு நிச்சயம் அதில் கிடையாது.

இமேஜ் கிடைத்துவிட்டதா? இரண்டு நகல் எடுத்து, ஒன்றைத் தம்பி வீட்டில் வையுங்கள். காயலான் கடை யோசனை சொன்னவருக்கும் ஒரு பொறுப்பு கொடுத்த மாதிரி ஆகும். இனி நீங்கள் விண்டோஸுக்கே திரும்பலாம். செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருள் அந்த இமேஜைப் பெட்டியைத் திறப்பதுபோலத் திறந்து காட்டும். 'மை டாக்குமென்ட்ஸ்' மட்டும் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். டிடிபி வைத்திருந்தவர்கள் டி டிரைவில், வாடிக்கையாளர் பெயரிலோ மாதத்தின் பெயரிலோ ஃபோல்டர் போடுவார்கள். பி-65, பி.எம்.டி. என்று வால் இருந்தால் பேஜ்மேக்கர் ஃபைல்கள், முன்னது 6.5-இல் செய்தது, பின்னது 2001-இல் வந்த 7.0-இல் செய்தது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'ஃபான்ட்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதையும் முழுதாக நகல் எடுங்கள். பாட்டுகளைவிட அதுதான் முதலில் தேவைப்படும்.

இனி அந்த 'அம்மா'வுக்கு வருவோம்.

தமிழில் எழுத்து 247. பழைய கம்ப்யூட்டரில் ஒரு ஃபான்டுக்குள் இருந்த இடமோ 256, அதிலும் பாதி ஆங்கிலத்துக்கு. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் நம் ஊர் டிடிபி மேசைக்கு அது வந்துசேர வெகுகாலம் ஆனது. விண்டோஸ் 98-க்கு யூனிகோடு தமிழ் தெரியவே தெரியாது, விண்டோஸ் 2000-இல்தான் லதா ஃபான்டோடு அது வந்தது. இடைப்பட்ட காலத்தில் எல்லாரும் செய்தது ஒரு மாறுவேஷம். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை உங்கள் அப்பா அடித்தது ஆங்கில எழுத்துதான். அந்த ஆங்கில எழுத்தின் உருவத்துக்குப் பதிலாகத் தமிழ் எழுத்தின் உருவத்தை ஃபான்டுக்குள் வரைந்து வைத்திருந்தார்கள். ஃபான்ட் இருக்கும்வரை திரையில் தமிழ். ஃபான்ட் இல்லாத உங்கள் லேப்டாப்பில் ஒப்பனை கலைந்து ஆங்கிலம்.

இதில் உங்கள் ஃபைல் பாமினி குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மிகவும் புழங்கிய ஃபான்ட். பழைய தமிழ் டைப்ரைட்டரின் விசை வரிசையைத் தழுவியது என்பதால், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஹையர் முடித்தவர்கள் கையை மாற்றாமலே அடித்தார்கள். அதில் சிறிய 'எம்' என்றால் அ. 'கே' என்றால் ம. அரைப்புள்ளி என்பது மெய்யெழுத்தின் தலைப்புள்ளி. 'எச்' என்பது கால். இனி நீங்களே கூட்டிப் பாருங்கள்: எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அ, ம், மா.

எந்தக் குடும்பம் என்று கண்டுபிடிக்க ஒரு கைவைத்தியம் உண்டு. உங்களுடையதுபோல சாதாரண ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால் பாமினி வகை. மேலே புள்ளி, தொப்பி வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால் டிஸ்கி, டேப் போன்றவை. அவை ஆங்கிலத்தை அப்படியே விட்டுவிட்டு மேல்பாதியின் 128 இடங்களில் தமிழை அடுக்கியவை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து அரசே டேப், டேம் என்ற இரண்டு குறிமுறைகளையும் தரமாக அறிவித்தது. அந்த டேமும் டேபும் போய், 2010-இல் யூனிகோடுக்கு அரசாணை வந்தது. நடுவில் கழிந்த பத்து வருடத்துத் தமிழ் எத்தனை கடைகளின் எத்தனை டிஸ்குகளில் எத்தனை வேஷத்தில் கிடக்கிறது என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

மாற்றுவதற்குக் கருவிகள் உண்டு. சுரதாவின் பொங்குதமிழ் இணையப் பக்கத்தில் ஒட்டி எடுக்கலாம். என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற மென்பொருளுக்குப் பாமினியோடு பல குறிமுறைகள் தெரியும். பெரிய அளவில் இதைச் செய்தும் காட்டியிருக்கிறார்கள்: 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களை டிஸ்கியில் ஏற்றியது, பிறகு யூனிகோடுக்குக் கொண்டுவந்தது.

ஆனால் கன்வெர்ட்டர் கொடுத்ததை அப்படியே நம்பிவிடாதீர்கள். அது எங்கே சறுக்கும் என்று தெரிந்தால் பாதி வேலை மிச்சம். பழைய ஃபான்டில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் அடிப்பார்கள். 'கொ' வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில், அதன் பின்னால் உயிர்க்குறி. கன்வெர்ட்டர் இந்த வரிசையைப் புரட்டிப்போட வேண்டும். பெரும்பாலும் சரியாகவே செய்யும். 'கௌ' வரும்போதுதான் குழம்பும். அதன் கடைசிப் பகுதியும் 'ள' என்ற எழுத்தும் பார்வைக்கு ஒன்று, பழைய ஃபான்டில் விசையும் ஒன்று. அதனால் கௌரி என்பவர் 'கெளரி' ஆகிவிடுவார். இணையத்தில் இன்றும் இந்தக் கெ-ள-ரிகள் உலவிக்கொண்டிருக்கிறார்கள். திரையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, தேடினால் கிடைக்கமாட்டார்கள்.

அடுத்தது 'ர்'. ர-வுக்குப் பதில் காலைப் போட்டுப் புள்ளி வைத்தாலும் பார்ப்பதற்கு 'ர்' போலவே இருக்கும். கை வேகத்தில் பலரும் அப்படித்தான் அடித்தார்கள். கன்வெர்ட்டர் சிலதைப் பிடிக்கும், சிலதை விடும். மூன்றாவது, நடுவில் வரும் ஆங்கிலம். தாளில் வேறு ஃபான்டில் இருந்த ஆங்கிலப் பெயரையும் கன்வெர்ட்டர் தமிழ் என்றே நினைத்துக்கொண்டு மாற்றும்; வாயில் நுழையாத ஒரு சொல் நடுவில் வந்தால் அது அப்பத்தா சொன்னதல்ல.

இங்கே ஒரு வேண்டுகோள். திருத்தும்போது பாட்டைத் திருத்திவிடாதீர்கள். அப்பத்தா எப்படி உச்சரித்தாரோ அப்படியே உங்கள் அப்பா எழுதியிருக்கக்கூடும். கன்வெர்ட்டரின் பிழை வேறு, திண்டுக்கல் வாய்மொழி வேறு. சந்தேகம் வந்தால் பழைய ஃபைலில் அந்த இடத்துக்கே பாமினி ஃபான்டைப் போட்டுப் பாருங்கள். அவர் அடித்தது அப்படியே எதிரில் நிற்கும். அதற்குத்தான் ஃபான்ட் ஃபோல்டரை எடுக்கச் சொன்னேன்.

பாட்டுகள் பேஜ்மேக்கருக்குள் இருந்தால் இன்னும் ஒரு படி தாண்ட வேண்டும். லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச மென்பொருளின் 'டிரா' பகுதி பேஜ்மேக்கர் ஃபைல்களைத் திறக்கும். வடிவம் கொஞ்சம் கோணும், எழுத்து வந்துவிடும். பக்கம் அவர் அமைத்தபடியே வேண்டும் என்றால் வேறு வழி, அதுதான் எனக்குப் பிடித்தது. 86பாக்ஸ் என்று ஒரு எமுலேட்டர் இருக்கிறது. பென்டியம் காலத்து மதர்போர்டு, டிஸ்பிளே கார்டு, ஹார்ட் டிஸ்க் வரைக்கும் எல்லாவற்றையும் உங்கள் லேப்டாப்புக்குள் பொம்மலாட்டமாக நடத்தும். இமேஜின் இன்னொரு நகலை அதற்குக் கொடுத்தால், அப்பாவின் டெஸ்க்டாப் அவர் விட்டுவைத்த ஐகான் வரிசையோடு உங்கள் திரையில் எழும். புது ஹார்டுவேர் என்று நினைத்து விண்டோஸ் 98 சிடியைக் கேட்கும். பயப்படாதீர்கள். கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து கொடுத்தவர்கள் பலர், சிடியின் 'வின் 98' ஃபோல்டரை டிஸ்கிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். அந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும். பேஜ்மேக்கரைத் திறந்து, போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரின்டர் ஒன்றைத் தேர்ந்து, காகிதத்துக்குப் பதில் ஃபைலாக அச்சிடச் சொல்லுங்கள். கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருள் அதைப் பிடிஎஃப் ஆக்கிவிடும். டாங்கிள் இல்லாவிட்டாலும் ஃபான்ட் ஃபைல் டிஸ்கில் இருந்தால் பெரும்பாலும் இதுவரை நடக்கும். புதிதாகத் தமிழில் டைப் அடிக்க மட்டும் முடியாமல் போகலாம்.

ஃப்ளாப்பிகள் பற்றிச் சுருக்கமாக. ஒன்றின் கொள்ளளவு 1.44 எம்பி. செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படம் கூட அதில் அடங்காது. ஆனால் பாட்டு என்றால் நூற்றுக்கணக்கில் அடங்கும். யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் வாங்கினால் போதும். போடும் முன் உலோக மூடியை விரலால் நகர்த்தி உள்ளே இருக்கும் வட்டத்தைப் பாருங்கள். வெண்மையாகப் புள்ளி புள்ளியாக இருந்தால் பூஞ்சை. அதை டிரைவில் போட்டால் படிக்கும் தலையில் ஒட்டிக்கொண்டு அடுத்த நல்ல ஃப்ளாப்பியையும் கீறிவிடும். அவற்றைத் தனியாக ஒதுக்குங்கள். நல்லவற்றில், மூலையில் உள்ள குட்டிக் கதவை நகர்த்தி இரண்டு மூலையிலும் ஓட்டை தெரியும்படி வையுங்கள். அந்த நிலையில் டிரைவ் படிக்க மட்டும் செய்யும், எழுதாது.

இவ்வளவும் முடிந்த பிறகு, தாராளமாக ஸ்விட்சைப் போடுங்கள். இனி அது விளையாட்டு. டிஸ்கைக் கழற்றியே வைத்துவிட்டு மற்றதைக் கிளப்பிப் பாருங்கள்.

முதலில் மதர்போர்டில் தலைகீழாக நிறுத்திய டம்ளர்போல நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருந்தால் நல்லது. உப்பியோ, பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் மாற்ற வேண்டும். 1999-இல் தொடங்கிச் சில வருடங்கள் உலகம் முழுக்க மட்டமான கெப்பாசிட்டர்கள் புழங்கின. எட்டணா அளவு பட்டன் பேட்டரி, சிஆர் 2032, செத்திருக்கும். கடிகாரக் கடையிலேயே கிடைக்கும், மாற்றிவிடுங்கள். ரேமைக் கழற்றி அதன் தங்க நிற ஓரத்தைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்துப் போடுங்கள். நம் ஊர் மெக்கானிக்குகளின் இந்த ரப்பர் வைத்தியத்தை நான் கேலி செய்ததுண்டு. இப்போது என் டூல் பெட்டியிலும் ஒரு நடராஜ் ரப்பர் கிடக்கிறது.

எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம். பழைய ரேடியோ மெக்கானிக் யாராவது தெரிந்தவர் இருந்தால், 100 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் போட்டுச் சோதித்துத் தரச் சொல்லுங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும், எஸ்.எம்.பி.எஸ். தப்பிக்கும். மானிட்டரையும் திறக்காதீர்கள். படக்குழாயில் ஓடுவது 20,000 வோல்ட்டுக்கு மேல்.

ஸ்விட்ச் போட்டதும் விட்டுவிட்டு நீளமாகப் பீப் அடித்துக்கொண்டே இருந்தால் ரேம் சரியாக உட்காரவில்லை. ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் டிஸ்பிளே கார்டு. அவார்டு பயாஸ் கொண்ட போர்டுகளின் பாஷை இது. எல்லாம் சரியாக ஓடினால் டிஸ்கையும் மாட்டிப் பார்க்கலாம், இன்டர்நெட்டில் மட்டும் இணைக்காதீர்கள். 2006 ஜூலையோடு விண்டோஸ் 98-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன, இன்றைய இணையதளங்கள் அதன் பிரவுசரில் திறக்கவும் திறக்காது. பென்டிரைவ் சொருகினாலும் அதற்கென்று டிரைவர் போட்டால்தான் தெரியும். அதற்குள் ஓட்ட என்ன இருக்கிறது என்று கேட்டால், பேஜ்மேக்கர் இருக்கிறது, அப்பா விளையாடிய சாலிட்டேர் இருக்கும். அது போதாதா?

தம்பியிடம் சொல்லுங்கள், காயலான் கடைக்கு மானிட்டர் வேண்டுமானால் போகட்டும். அதுகூட இப்போது ஈ-கழிவு. உடைத்துச் செம்பு எடுப்பவரிடம் போவதைவிட முறையாக மறுசுழற்சி செய்பவரிடம் போவது நல்லது. சிபியுவை நான் கொடுக்கமாட்டேன்.

ஒரு விஷயம் விட்டுப்போனது. டிஸ்க் இமேஜிலிருந்து பாட்டு ஃபைல்களை எடுக்கும்போது, ஒவ்வொன்றும் கடைசியாக எப்போது சேமிக்கப்பட்டது என்ற தேதியையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து ஃபேட் முறை தேதியோடு நேரத்தையும் எழுதி வைக்கும், விநாடி மட்டும் இரண்டிரண்டாக எண்ணும். 1980 ஜனவரி 1 என்று காட்டினால் நம்பாதீர்கள், அது அந்த முறையின் ஆதி நாள். பல ஃபைல்கள் ஏதோ ஒரு வருடத்தின் ஜனவரி 1 என்று ஒரே மாதிரி நின்றால், அப்பா வேலை செய்த காலத்திலேயே பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். மற்ற தேதிகள் சரியாகவே இருக்கும். எந்த வருடம், எந்த மாதம், கடையை அடைத்த பிறகு இரவு எத்தனை மணிக்கு அப்பத்தாவை உட்காரவைத்துப் பாடச் சொன்னார் என்பது அதில் தெரியும்.